சின்ன நெட்வொர்க்கில் எல்லாக் கணினிகளுக்கும் டிஎன்எஸ் முகவரியைத் தானாகக் கொடுப்பது எப்படி?

கேட்டவரின் நிலை இது. ஒரே நெட்வொர்க்கில் பதினைந்து இருபது கணினிகள். பாதி விண்டோஸ், பாதி லினக்ஸ், கூடவே எல்லோருடைய கைபேசிகளும். கோப்பு சர்வரையும் பிரிண்டரையும் எண்ணாக நினைவில் வைக்க முடியாமல், பெயர் சொல்லிக் கூப்பிட வசதியாக ஒரு பழைய கணினியில் சொந்தமாக டிஎன்எஸ் சர்வர், அதாவது பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் தரும் சர்வர், நிறுவியிருக்கிறார். அதன் முகவரியை ஒவ்வொரு கணினியாகப் போய்க் கையால் போட்டிருக்கிறார். இப்போது அந்தச் சர்வரை வேறொரு கணினிக்கு மாற்றப் போகிறார், முகவரியும் மாறும். மறுபடியும் எல்லாவற்றையும் தொடாமல் இது தானாக நடக்க வழி இருக்கிறதா, பாதுகாப்புக்கு இரண்டாவது முகவரியாகக் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 கொடுத்து வைக்கலாமா என்பது கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் டிஎச்சிபி, அதாவது நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்கு முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் முறை. இரண்டாம் பாதிக்குப் பதில், வேண்டாம். இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இப்படிச் சுருக்கமாகப் பதில் வாங்கிப் போனவர்கள் கொஞ்ச நாள் கழித்து, "சில கணினிகளில் மட்டும் கோப்பு சர்வர் தெரியவில்லை, அதுவும் சில நேரம் மட்டும்" என்று திரும்பி வருவதை நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். முகவரியை அனுப்புவது எளிது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு கணினி தன் டிஎன்எஸ் முகவரியைத் தெரிந்துகொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. அந்த வழிகள் ஆளுக்கு ஒன்று சொன்னால், எது ஜெயிக்கும் என்பது கணினிக்குக் கணினி மாறும்.

டிஎச்சிபி உங்கள் நெட்வொர்க்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் கைபேசிகள் வைஃபையில் சேர்ந்ததும் இணையம் வராது. ஒரு கணினி உள்ளே வந்ததும், முகவரி தர யார் இருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு செய்தி விடும். டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியை முன்வைக்கும். கணினி அதையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லும், சர்வர் உறுதி செய்யும். நாலே செய்திகள். அந்த உறுதிச் செய்தியில் ஐபி முகவரியோடு (கணினியின் எண் முகவரி) எண் போட்ட ஆப்ஷன்கள் பலவும் சேர்ந்து வரும். 3 என்பது வெளியே போக வேண்டிய கேட்வே, 6 என்பது டிஎன்எஸ் சர்வர்கள், 15 டொமைன் பெயர், 51 இந்த முகவரி எவ்வளவு நேரம் செல்லும் என்கிற லீஸ் காலம். 1997-இல் வந்த ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 2131, 2132 இரண்டும் இவற்றை வரையறுத்துவிட்டன. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாமே 6-ஐக் கேட்டு வாங்கும். இதில் சந்தேகமே இல்லை. ஆக நீங்கள் செய்ய வேண்டியது, ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் அந்தச் செய்தியில் 6-ஆம் ஆப்ஷனில் உங்கள் சர்வரின் முகவரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

அதை எங்கே மாற்றுவது? உங்கள் ரூட்டரில். இங்கேதான் முதல் குழப்பம். பெரும்பாலான ரூட்டர்களில் டிஎன்எஸ் என்று இரண்டு இடத்தில் இருக்கும். இணைய இணைப்புப் பகுதியில், அதாவது வான் பக்கத்தில் இருப்பது, ரூட்டர் தனக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கும் என்பதற்கு. உள் நெட்வொர்க்கின் டிஎச்சிபி பகுதியில், லான் பக்கத்தில் இருப்பதுதான் கணினிகளுக்குச் சொல்லப்படுவது. முதலாவதை மாற்றிவிட்டு, "மாற்றிவிட்டேன், ஆனால் கணினிகளில் இன்னும் ரூட்டரின் முகவரியே டிஎன்எஸ் என்று காட்டுகிறது" என்று குழம்புபவர்கள் அதிகம். ரூட்டர்கள் வழக்கமாகத் தங்கள் முகவரியையே டிஎன்எஸ் என்று கணினிகளுக்குச் சொல்லி, வரும் கேள்விகளை வெளியே அனுப்பிவைக்கும். லான் பக்கத்து டிஎச்சிபி அமைப்பில் டிஎன்எஸ் கட்டம் இருந்தால் அங்கே உங்கள் சர்வரின் முகவரியைப் போடுங்கள். பாதி வேலை முடிந்தது.

இணையச் சேவை நிறுவனங்கள் தரும் சில ரூட்டர்களில் அந்தக் கட்டமே இருக்காது, அல்லது பூட்டப்பட்டிருக்கும். அப்போது சிலர் வான் பக்கத்தில் உள் சர்வரின் முகவரியைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். கணினி ரூட்டரிடம் கேட்கும், ரூட்டர் உங்கள் சர்வரிடம் கேட்கும். வேலை செய்யும், ஆனால் இரண்டு இடறல்கள் உண்டு. உங்கள் சர்வர் வெளிப் பெயர்களுக்கு மறுபடி ரூட்டரிடமே கேட்கும்படி அமைந்திருந்தால், கேள்வி இருவருக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும், எதுவும் திறக்காது. அப்புறம், சில ரூட்டர்கள் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் உள் முகவரிகள் டிஎன்எஸ் பதிலில் வந்தால் அதைத் தாக்குதல் என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடும். வெளித் தளம் ஒன்றின் பெயரை உள் முகவரிக்குத் திருப்பிவிடும் ரீபைண்டிங் என்ற உண்மையான தாக்குதலைத் தடுக்க வைத்த காவல்தான் அது, உங்கள் விஷயத்தில் குறுக்கே நிற்கிறது. அதனால் கட்டம் இல்லாத ரூட்டர் என்றால் அதன் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, டிஎன்எஸ் ஓடும் கணினியிலேயே டிஎச்சிபியையும் ஓட்டுவதுதான் என் தேர்வு.

உண்மையில், ரூட்டரில் கட்டம் இருந்தாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன். சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் சின்ன நெட்வொர்க்குக்கென்றே செய்தது போல இருக்கும். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற திறமூல மென்பொருள் ஓடும் ரூட்டர்களுக்குள் இயல்பாக இருப்பதும் அதுதான். டிஎன்எஸ், டிஎச்சிபி இரண்டும் ஒரே நிரலில் இருப்பதால் ஒரு பெரிய லாபம்: ஒரு கணினி டிஎச்சிபியில் முகவரி வாங்கும்போது தன் பெயரையும் சொல்கிறது இல்லையா, அந்தப் பெயர் அப்படியே டிஎன்எஸ்ஸிலும் ஏறிவிடும். பிரிண்டர், கோப்பு சர்வர் என்று ஒவ்வொன்றுக்கும் கையால் வரி எழுத வேண்டாம். நிலையாக ஒரே முகவரியில் இருக்க வேண்டியவற்றுக்கு மட்டும், நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து முன்பதிவு செய்தால் போதும். (கைபேசிகளை அப்படி முன்பதிவு செய்ய நினைத்தால் ஒன்று: இப்போதைய கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியை உருவாக்கிக் காட்டும். அந்த வைஃபைக்கு அதை அணைத்த பிறகுதான் முன்பதிவை நம்பலாம்.)

டிஎன்எஸ்மாஸ்கில் முகவரி வரம்பைச் சொல்ல ஒரு வரி, 3-ஆம் ஆப்ஷனுக்கு ஒரு வரி, 6-ஆம் ஆப்ஷனுக்கு ஒரு வரி, டொமைனுக்கு ஒரு வரி. இதில் 3-ஐ மறக்கக் கூடாது. எதுவும் சொல்லாவிட்டால் அது தன் முகவரியையே டிஎன்எஸ் என்றும், தன் முகவரியையே கேட்வே என்றும் கொடுக்கும். டிஎன்எஸ் விஷயத்தில் அது நமக்கு வேண்டியதுதான். கேட்வே விஷயத்தில் எல்லாக் கணினிகளும் இணையத்துக்குப் பழைய கணினியின் வாசலில் போய் நிற்கும். பெயர்கள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன, எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இன்னொன்று, டிஎன்எஸ் சர்வர் ஓடும் கணினியின் முகவரி மட்டும் டிஎச்சிபியிலிருந்து வரக் கூடாது. அதற்குக் கையால் நிலையான முகவரி கொடுங்கள், அந்த எண் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கட்டும். எல்லாவற்றையும் தானியங்கியாக்கும் ஆசையில் இந்த ஒன்றையும் தானியங்கியாக்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

பழைய கையேடுகளில் ஐஎஸ்சி டிஎச்சிபி என்ற நிரலைப் பார்ப்பீர்கள். அதை உருவாக்கிய அமைப்பே 2022-இல் அதன் பராமரிப்பை முடித்துக்கொண்டு, கியா என்ற புதிய நிரலுக்குப் போகச் சொல்லிவிட்டது. இருபது கணினிகளுக்குக் கியா பெரிய சட்டை.

ஒரு நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் வெவ்வேறு பதில் சொன்னால் கணினி எதை எடுக்கும்? நடைமுறையில் பெரும்பாலும் முதலில் வந்ததை. அதனால் ரூட்டரின் டிஎச்சிபியை அணைக்காமல் புதியதை ஓட்டினால், காலையில் ஒரு கணினி சரியாக இருக்கும், மறுநாள் அதே கணினி பழைய முகவரியைக் காட்டும். யாராவது வீட்டிலிருந்து ஒரு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து அதன் லான் துளையில் கேபிளைச் செருகினாலும் இதே கதைதான், ஏனென்றால் டிஎச்சிபியில் பதில் சொல்பவர் யார் என்று சரிபார்க்கும் பழக்கமே நடைமுறையில் இல்லை. அமைப்புகளை மாற்றும் வசதியுள்ள (மேனேஜ்டு) ஸ்விட்ச், அதாவது கேபிள்களை இணைக்கும் பெட்டி, இருந்தால் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற அமைப்பை இயக்கி, எந்தத் துளையிலிருந்து மட்டும் டிஎச்சிபி பதில் வரலாம் என்று கட்டுப்படுத்தலாம். சாதாரண ஸ்விட்சில் அது முடியாது.

இனி 8.8.8.8. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'முதன்மை', 'இரண்டாம் நிலை' என்று அமைப்புத் திரையில் இருப்பதால், முதலாவதற்குத் தெரியாவிட்டால் இரண்டாவதிடம் கேட்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலாவது பதிலே சொல்லாமல் போனால்தான் இரண்டாவதற்குப் போகும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பதும் ஒரு பதில். அது கிடைத்ததும் தேடல் அங்கேயே முடிந்துவிடும். தெருவில் புதிதாக வந்தவரிடம் உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இது. அவர் தெரியாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, அப்படி ஒரு ஆளே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிடுவார். பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் கோப்பு சர்வரின் பெயர் தெரியாது. கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்லும். கணினி அதை நம்பி, கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். உங்கள் சர்வர் அதற்குள் மீண்டு வந்திருந்தாலும் அந்தக் கணினி கேட்காது.

சரி, முதலாவது நன்றாக ஓடும்வரை இரண்டாவதிடம் போகவே போகாதே, பின் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அந்த வரிசையை எல்லோரும் மதிப்பதில்லை. லினக்ஸின் பழைய பாணி ஜிலிப்சி நூலகம் வரிசைப்படி கேட்கும். ஒன்றுக்கு 5 விநாடி காத்திருந்து அடுத்ததற்குப் போகும். மூன்று முகவரிகளுக்கு மேல் இருந்தால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. இப்போதைய பல லினக்ஸ்களில் இருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை வேறு மாதிரி. ஒரு சர்வர் ஒருமுறை தடுமாறினால் அடுத்ததற்குத் தாவும், தாவிய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அதுவும் தடுமாறும்வரை முதலாவதற்குத் திரும்பாது. உங்கள் பழைய கணினி ஒரு நிமிடம் மறுதொடக்கம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பெயர் கேட்ட லினக்ஸ் கணினிகள் எல்லாம் 8.8.8.8-க்குத் தாவிவிடும். கூகுளின் சர்வர் தடுமாறுவது அபூர்வம் என்பதால் அங்கேயே தங்கிவிடும். இணையம் பிரமாதமாக வரும், கோப்பு சர்வர் மட்டும் காணாமல் போகும். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும். சில கணினிகள் மட்டும், சில நேரம் மட்டும் என்ற அந்தப் புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

எனவே விதி ஒன்றுதான்: நீங்கள் கொடுக்கும் எல்லா முகவரிகளும் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது வேண்டும் என்றால், உங்கள் பெயர்கள் எல்லாம் தெரிந்த இரண்டாவது சொந்த சர்வரை வையுங்கள். உள்ளங்கை அளவுள்ள ஒரு ராஸ்பெர்ரி பை போதும். உள் பெயர்கள் உள்ள கோப்பை இரண்டிலும் ஒன்றாக வைத்துக்கொண்டால் சரி. டிஎச்சிபி வழியாகத் தானாக ஏறும் பெயர்கள் மட்டும் இரண்டாவதுக்குத் தெரியாது என்பதால், முக்கியமானவற்றை அந்தக் கோப்பில் நிலையாக எழுதிவிடுங்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் ஒரே ஒரு முகவரி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். அது விழுந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும், உடனே சரி செய்வீர்கள். அரைகுறையாக வேலை செய்வதைவிட மொத்தமாக நிற்பதைக் கண்டுபிடிப்பது எளிது. 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 போன்ற பொது டிஎன்எஸ்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அது உங்கள் சர்வர் வெளிப் பெயர்களை யாரிடம் கேட்க வேண்டும் என்ற அமைப்பில்தான். கணினிகளுக்குக் கொடுக்கும் பட்டியலில் அல்ல. விண்டோஸ் கணினிகள் ஆக்டிவ் டைரக்டரி (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) டொமைனில் சேர்ந்திருந்தால் இந்த விதி இன்னும் கறார். அவை உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பதே டிஎன்எஸ் வழியாகத்தான், வெளி முகவரி கலந்தால் உள்நுழைவே தடுமாறும்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15-ஆம் ஆப்ஷனில் டொமைனைக் கொடுத்தால், ஒருவர் வெறும் 'கோப்பு' என்று தட்டினாலே கணினி டொமைனை ஒட்டிக்கொண்டு தேடும். ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன்களைத் தேட வேண்டும் என்றால் 119 இருக்கிறது. டொமைனுக்கு என்ன பெயர் வைப்பது? லோக்கல் என்று முடியும் பெயர் வேண்டவே வேண்டாம். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 அதை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. அந்த முடிவுள்ள பெயரைக் கேட்டால் பல கணினிகள் உங்கள் சர்வரை விட்டுவிட்டுப் பக்கத்துக் கணினிகளிடம் நேராகக் கேட்கப் போய்விடும். மனதுக்குத் தோன்றிய முடிவை வைப்பதும் ஆபத்து. டெவ் என்று முடியும் பெயர்களை உள்ளுக்குள் பயன்படுத்திக்கொண்டிருந்த நிறையப் பேர், 2017 கடைசியில் குரோம் அந்த முடிவுக்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று மாற்றியதும் திகைத்துப் போனார்கள். அந்த முடிவு கூகுளின் உடைமை. வீட்டு நெட்வொர்க்குக்கு என்றே 2018-இல் ஹோம்.ஆர்பா என்பது ஒதுக்கப்பட்டது. தனியார் உபயோகத்துக்கு என்று இன்டர்னல் என்ற முடிவை 2024-இல் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிவைத்தது. சொந்தமாக ஒரு டொமைன் வாங்கியிருந்தால் அதன் கீழ் ஒரு கிளைப் பெயர் வைப்பது இரண்டையும்விட நல்லது.

இப்போது மாற்றும் நாள். டிஎச்சிபியில் முகவரியை மாற்றியதும் கணினிகளுக்கு அது உடனே போய்ச் சேராது. அவை லீஸ் காலத்தில் பாதி கடந்ததும்தான் புதுப்பிக்க வரும், அப்போதுதான் புதிய டிஎன்எஸ் முகவரி கையில் கிடைக்கும். லீஸ் 24 மணி நேரம் என்றால், கடைசிக் கணினி மாற 12 மணி நேரம் வரை ஆகலாம். டிஎச்சிபி சர்வரையே மாற்றினால் இன்னும் கொஞ்சம் கூடும். பாதியில் பழைய சர்வரைத் தேடிப் போகும், பதில் வராது. லீஸில் எட்டில் ஏழு பங்கு, அதாவது 21 மணி நேரம் ஆன பிறகுதான் யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்கும். இதைத் தவிர்க்க, மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே பழைய டிஎச்சிபியில் லீஸ் காலத்தைப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பின் எல்லாம் சரி என்று தெரிந்ததும் பழையபடி கூட்டிவிடலாம். புதிய டிஎச்சிபிக்குப் பழையதிலிருந்து விலகிய முகவரி வரம்பு கொடுத்தால், பழைய முகவரியோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியோடு மோதல் வராது.

இதைவிட நிம்மதி தரும் வழி ஒன்று உண்டு. பழைய டிஎன்எஸ் கணினியை அணைத்ததும், அதன் பழைய ஐபி முகவரியைப் புதிய கணினிக்கு இரண்டாவது முகவரியாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே நெட்வொர்க் கார்டில் இரண்டு முகவரிகள் இருப்பதில் தவறே இல்லை. பழையதைக் கேட்பவர்களுக்கும் புதியதைக் கேட்பவர்களுக்கும் ஒரே ஆளே பதில் சொல்வார். பிரிண்டரிலோ எங்கேயோ யாரோ கையால் போட்டுவைத்த முகவரிகூட உடையாது. சில வாரம் கழித்து, பழைய முகவரிக்கு யார் இன்னும் கேள்வி அனுப்புகிறார்கள் என்று பதிவில் பார்த்து ஒவ்வொருவராகக் களையலாம்.

கையால் போட்டது என்றதும் சொல்ல வேண்டியது: உங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் முகவரி இப்போது கையால் போடப்பட்டிருக்கிறது. கையால் போட்டது இருக்கும்வரை டிஎச்சிபி என்ன சொன்னாலும் கணினி காதில் வாங்காது. ஆகவே கடைசியாக ஒரு சுற்று போய்த்தான் ஆக வேண்டும், டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறு என்று மாற்றுவதற்காக. விண்டோஸில் அது ஒரு பொத்தான். லினக்ஸில், டிஎன்எஸ் முகவரிகள் எழுதப்படும், எடிசி அடைவில் உள்ள ரிசால்வ் கோப்பை நேரடியாகத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தத்தை எடுக்க வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் அதை மீண்டும் மீண்டும் அழிக்கிறது என்று கோபித்துக்கொண்டு, கோப்பை மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கும் பழக்கமும் உண்டு. அப்படி யாராவது செய்திருந்தால் பூட்டையும் திறக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஐபிவி4, அதாவது நாலு எண்கள் கொண்ட பழைய வகை முகவரி. ஐபிவி6 அதற்கு அடுத்து வந்த நீளமான வகை. ரூட்டரில் ஐபிவி6 இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் டிஎச்சிபியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பக்கத்துக் கதவு திறந்தே கிடக்கும். ஐபிவி6-இல் ரூட்டர் அவ்வப்போது தானாகவே ஓர் அறிவிப்பு விடும். அதில் டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்துச் சொல்ல 2010-இல் ஆர்எஃப்சி 6106-உம், அதற்குப் பதிலாக 2017-இல் ஆர்எஃப்சி 8106-உம் வந்தன. கணினி அதையும் எடுத்துக்கொள்ளும். அப்போது கணினியில் இரண்டு டிஎன்எஸ்: ஐபிவி4 வழியே உங்களுடையது, ஐபிவி6 வழியே ரூட்டருடையது. மேலே சொன்ன 8.8.8.8 சிக்கல் நீங்கள் அழைக்காமலே வந்துவிட்டது. இதில் எதை முதலில் கேட்கும் என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம், பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒன்றை நம்பித் திட்டமிடாதீர்கள்.

வழி இரண்டு. ரூட்டரின் ஐபிவி6 அறிவிப்பில் டிஎன்எஸ் மட்டும் போகாதபடி நிறுத்துவது ஒன்று. கணினிகள் ஐபிவி4 வழியே உங்கள் சர்வரிடம் கேட்டு ஐபிவி6 முகவரிகளையும் தாராளமாகப் பெறலாம், கேள்வி எந்த வழியில் போகிறது என்பதற்கும் பதிலில் என்ன இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. மற்றது, உங்கள் சர்வருக்கு எஃப்டி என்று தொடங்கும் உள் ஐபிவி6 முகவரி ஒன்று கொடுத்து அதையே அறிவிப்பில் வைப்பது. இணையச் சேவை நிறுவனம் தரும் ஐபிவி6 முகவரியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் முன்பகுதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம். டிஎச்சிபியின் ஐபிவி6 பதிப்பில் கொடுத்தால் போதாதா என்றால், போதாது. ஆண்ட்ராய்டு அந்த வழியில் டிஎன்எஸ் முகவரி வாங்கும் என்று நம்பியிருக்க முடியாது, அறிவிப்பைத்தான் பார்க்கும். விண்டோஸ் 10, 2017-இன் கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து அறிவிப்பையும் புரிந்துகொள்ளும். அதனால் அறிவிப்பில் சரியாக வைத்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும். இந்த இரண்டில் எதையும் உங்கள் ரூட்டர் அனுமதிக்காவிட்டால், உள் நெட்வொர்க்கில் ஐபிவி6-ஐ அணைப்பது மிச்சம் இருக்கிறது. அழகான தீர்வு இல்லை, ஆனால் வேலை செய்யும்.

இவ்வளவும் செய்தாலும் கேட்காத சிலர் இருப்பார்கள். சில பிரவுசர்கள் கணினியின் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு எச்டிடிபிஎஸ் வழியாகத் தாங்களே வெளியே கேட்கும். ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறது. யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட் என்ற பெயரை உங்கள் சர்வர் இல்லை என்று சொன்னால், தானாக இயக்கப்பட்ட அந்த வசதியை அது நிறுத்திக்கொள்ளும். பயனரே அமைப்பில் போய் இயக்கியிருந்தால் நிறுத்தாது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒன்று உண்டு. அது தானியங்கி என்ற நிலையில் இருந்தால் நீங்கள் கொடுத்த சர்வரையே கேட்கும். குறிப்பிட்ட ஒரு சர்வரின் பெயர் போடப்பட்டிருந்தால் நீங்கள் கொடுப்பதைச் சட்டையே செய்யாது. விபிஎன் ஓடும் மடிக்கணினிகளும் பெரும்பாலும் விபிஎன் சொல்லும் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும். டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டில் வெளியே போகும் எல்லாவற்றையும் ரூட்டரில் பிடித்துத் திருப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மறையாக்கப்பட்ட கேள்விகளை அது பிடிக்காது, பிடிப்பவற்றில் பிழை கண்டுபிடிப்பதை இரண்டு மடங்கு கடினமாக்கும். இருபது பேர் இருக்கும் இடத்தில் ஆளைக் கூப்பிட்டு அமைப்பை மாற்றச் சொல்வது சுலபம்.

சரிபார்க்க: விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையோடு சாய்கோடும் ஆல் என்பதும் சேர்த்துப் போட்டால், டிஎச்சிபி சர்வர் யார், டிஎன்எஸ் சர்வர்கள் யார் என்று காட்டும். டிஎன்எஸ் சர்வர்களில் நீங்கள் கொடுத்த முகவரி மட்டும் இருக்க வேண்டும். நாலு எண்களுக்குப் பதில் முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஒன்று கூட இருந்தால், அது ஐபிவி6 வழியே வந்தது. 169.254 என்று தொடங்கும் முகவரி கணினிக்கு வந்திருந்தால் டிஎச்சிபியே கிடைக்கவில்லை என்று அர்த்தம், டிஎன்எஸ்ஸை அப்போது பார்க்க வேண்டாம். லினக்ஸில் ரிசால்வ் கோப்பைத் திறந்து 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது சிஸ்டம்டி-ரிசால்வ்டின் உள் முகவரி. உண்மையில் யாரிடம் கேட்கிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை சொல்லும். பெயரைச் சோதிக்கப் பிங் போடாதீர்கள், என்எஸ்லுக்அப் போடுங்கள். பிங், கணினியிலேயே பெயர்களை எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பக்கத்துக் கணினிகளையும் கேட்டுப் பதில் சொல்லிவிடும், டிஎன்எஸ் உடைந்திருப்பதே தெரியாது. என்எஸ்லுக்அப் முதல் வரியிலேயே எந்த சர்வரிடம் கேட்டது என்றும் காட்டும்.

உங்கள் ரூட்டர் எந்த மாதிரி, ஐபிவி6 இயங்குகிறதா, விண்டோஸ் கணினிகள் டொமைனில் சேர்ந்தவையா என்பது கேள்வியில் இல்லை. அதனால் எந்தத் திரையில் எதை அழுத்துவது என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. ரூட்டரின் லான் பக்கத்து அமைப்பில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்பதையும், ஒரு விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் காட்டுவதையும் இங்கே எழுதுங்கள். வெளி முகவரி ஏதாவது இருந்தால் அதை மறைத்துவிட்டுப் போடுங்கள், 192.168 என்று தொடங்குபவற்றை மறைக்கத் தேவையில்லை.